கஸ்பாருக்குப் பக்கத்தில் ஒரு காலியிடம்

தூத்துக்குடியில் நங்கூரத் தெருவுக்குள் நுழைந்து எந்த வீட்டுச் சுவரைப் பார்த்தாலும் சரி, மாட்டியிருக்கிற போட்டோக்களில் எல்லாம் ஒரு ஆள் நிற்கிற அகலத்துக்கு ஒரு இடைவெளி இருக்கும். ஞானஸ்நானமானாலும் பிள்ளைகள் முதல்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மையானாலும் கல்யாணமே ஆனாலும், சொந்தபந்தம் அத்தனையும் தோளோடு தோள் இடித்து நெருக்கியடித்து நிற்க, நடுவில் மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி ஒரு இடம் வெறிச்சென்று கிடக்கும். விவரம் தெரியாத வெளியூர்க்காரன் பார்த்தால் எடுத்தவனுக்குக் கண் அவிஞ்சா போச்சு என்று கேட்பான், தெருக்காரர்களோ கோபித்துக்கொள்ளாமல், அது கப்பலுக்குப் போன எங்க வீட்டு ஆளுக்கு விட்ட இடமாக்கும் என்பார்கள். தெருவே கப்பல்காரர்கள் தெரு. அங்கே வந்து பழகின போட்டோக்காரர்கள்கூட, சிரிங்க என்று சொல்வதற்கு முன்னால் எடம் விட்டாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் பொத்தானை அமுக்குவார்கள்.

அப்படி விட்ட இடங்களிலேயே ஆயுசைக் கழித்தவர் கஸ்பார் மிராண்டா. சரக்குக் கப்பலில் சமையல்காரர். மகன் டெரன்சின் ஞானஸ்நானப் படத்தில் அவர் ஒரு இடைவெளி, புதுநன்மைப் படத்தில் இன்னும் கொஞ்சம் அகலமான இடைவெளி. அவியளுக்கு இப்பம் தொப்பை விழுந்திருக்கும், தாராளமா விடுங்க என்று அவருடைய மனைவி எமரென்சியாதான் எல்லாரையும் தள்ளி நிறுத்தினாள். சொந்த வீட்டை மந்திரித்துக் குடிபோன அன்றைக்கு எடுத்த படத்தில் சாமியாருக்கும் எமரென்சியாவுக்கும் நடுவே அவர் வெறும் சுவர். கடைசியில் ஓய்வு பெற்று அவர் வீட்டோடு வந்து சேர்ந்தபோது, தெருவுக்கு அவர் இல்லாத இடம் பழகியிருந்த அளவுக்கு அவர் முகம் பழகியிருக்கவில்லை. அவருக்கும் அப்படித்தான், யாராவது போட்டோவுக்குக் கூப்பிட்டால் பழக்கதோஷத்தில் தானே ஓரமாக ஒதுங்கிப் பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு நிற்பார். யாருக்கு வே எடம் விடுறீரு என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார். அதற்குள் டெரன்சும் கப்பலுக்குப் போய்விட்டிருந்தான்.

கஸ்பாரிடம் ஒரு கிதார் இருந்தது. கப்பலில் கூட வேலை பார்த்த ஒரு பிலிப்பைன்ஸ்காரன், எந்திரத்துக்கு எண்ணெய் போடுகிறவன், தினமும் கூடுதலாக ஒரு மீன் துண்டு கேட்டு அடுப்படிக்கு வந்து வந்து, அதற்கு ஈடாக அவருக்கு ராக்கபில்லி கற்றுக்கொடுத்துவிட்டு, இறங்கிப் போகும்போது கிதாரையும் விட்டுவிட்டுப் போனான். ராக்கபில்லி என்பது அமெரிக்காவில் வெள்ளைக்காரக் குடியானவன் பாட்டும் கறுப்பர் பாட்டும் ஊரைக் கேட்காமல் சம்பந்தம் பண்ணிக்கொண்டு பெற்ற துடுக்குப் பிள்ளை. கட்டைவிரல் அடித்தந்தியில் டுங்கு சக்க டுங்கு சக்க என்று ரயிலை ஓட்டிக்கொண்டே இருக்க, மற்ற விரல்கள் சன்னல் வழியாகத் தலையை நீட்டிப் போகிறவர் வருகிறவரையெல்லாம் கேலி பண்ணிக்கொண்டு போக வேண்டும். கேட்கிற ஆளுடைய புத்திக்குத் தெரிவதற்கு முன்னால் காலுக்குத் தெரிந்துவிடும் அது. கப்பலில் கஸ்பார் ராஜா, அவர் கிதாரை எடுத்தால் கேப்டன்கூட சாப்பாட்டு மேசையில் தாளம் போடுவார்.

வீட்டில்தான் கதை வேறு. கிதாரோடு முதல்முதலாக லீவுக்கு வந்தபோது, டெரன்ஸ் கைக்குழந்தை. ஒரு மத்தியானம் முன்னறையில் உட்கார்ந்து கஸ்பார் ஆசையாக நாலு தட்டுத் தட்டினார், உடனே உள்ளேயிருந்து எமரென்சியாவின் குரல் வந்தது.

"சத்தம் போடாதிய, புள்ள தூங்குது."

அவ்வளவுதான். மனிதர் கிதாரைப் பெட்டிக்குள் வைத்தார். அதற்குப் பிறகு எந்த லீவுக்கு வந்தாலும் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தந்திக்கு அடியில் துண்டைத் திணித்து, எலி பொட்டலத்தைப் பிரிக்கிற மாதிரிதான் வாசிப்பார். அவள் வாசியுங்க என்று சொல்லவில்லை, இவர் வாசிக்கட்டுமா என்று கேட்கவில்லை. லீவு நாட்களில் வீட்டுச் சாப்பாட்டில் மட்டும் பூண்டு தூக்கலாக இருக்கும், ரசத்தில் பூண்டு, குழம்பில் பூண்டு, ஊறுகாயில் பூண்டு, கப்பல்காரன் உடம்புக்கு வாயு சேரக்கூடாது என்று பார்க்கிறாள் போல என்று நினைத்து அதையும் வாய் பேசாமல் தின்றுவிட்டுக் கப்பலேறிவிடுவார்.

ஓய்வு பெற்று வந்த பிறகு அவர் மனசில் ஒரே ஒரு ஆசை கிடந்து அரித்தது. உலகத்தில் எத்தனையோ துறைமுகத்தில் கண்டவன் கேட்டவன் எல்லாம் கேட்ட வாசிப்பைக் கட்டின பெண்டாட்டி ஒரு தடவை கேட்க வேண்டும். எதிரே உட்கார வைத்து வாசிக்க வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியில் ஒரு வழி தோன்றியது, யாரும் இல்லாத நேரம் போனில் ஒரு வீடியோ எடுத்து அவள் போனுக்கு அனுப்பிவிட்டால், அடுப்படியில் தனியாக நிற்கும்போது அவளே பார்த்துக்கொள்வாள், பிடிக்காவிட்டால் பொத்தானை அமுக்கி நிறுத்திவிடுவாள், முகத்துக்கு முன்னால் ஒரு சங்கடமும் இல்லை.

எமரென்சியா துக்க வீட்டுக்குப் போயிருந்த ஒரு காலையில் காரியத்தில் இறங்கினார். சிவப்புக் கட்டம் போட்ட சட்டை, முன் மயிரைத் தேங்காய் எண்ணெய் வைத்து மேலே தூக்கி அலை மாதிரி சீவி, முன்னறையில் ஸ்டூலைப் போட்டு அதன்மேல் உப்பு ஜாடியை வைத்து ஜாடியில் போனைச் சாய்த்தார். முதல் தடவை முழுக்க மின்விசிறி மட்டும் பதிவாகியிருந்தது. அடுத்த தடவை பிரமாதமாக வாசித்து முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் பொத்தானையே அமுக்கவில்லை. அதற்கடுத்த தடவை அவருடைய முழங்கால் வெகு அழகாக வந்திருந்தது. அப்புறம் ஒன்றில் பாதியில் மீன்காரி வாசலில் நின்று சூடை சாளை என்று கத்தி, வேண்டுமா வேண்டாமா என்று பதில் சொல்லாமல் போக மாட்டேன் என்று நின்றாள். கடைசியாக எடுத்ததில்தான் எல்லாம் கூடிவந்தது, கப்பல் அடுப்படியில் குழம்பு கொதிக்கக் காத்திருந்த நேரங்களில் அவரே கட்டின ஒரு மெட்டு, விரல் ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை, நடுவில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது, அதுவும் சொல்லிவைத்த மாதிரி தாளத்தில் வந்து விழுந்தது. போட்டுப் பார்த்தபோதுதான் கவனித்தார், நடுவில் உட்காராமல் ஒரு ஓரமாக ஒதுங்கி, பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற இடத்தை விட்டு உட்கார்ந்திருந்தார். கெடக்கு போ, பழக்கம் எங்கே போகும் என்று விட்டுவிட்டார்.

அனுப்பும்போதுதான் வினை வந்தது. எத்தனையோ வருஷம் அடித்தந்தியில் உரசி உரசிக் காய்ப்புக் காய்த்த கட்டைவிரல், எமரென்சியா என்ற பேருக்குப் பதிலாக அதற்கு மேலே இருந்த புனித சூசையப்பர் அன்பியம் என்ற பேரைத் தொட்டுத் தொலைத்தது. தெருவிலிருக்கிற அத்தனை கத்தோலிக்கக் குடும்பமும் அந்த வாட்ஸ்அப் குழுவில்தான். இன்றைக்கு யார் வீட்டில் செபமாலை, நேற்று யார் தவறிப்போனார், அடக்கம் எத்தனை மணிக்கு, அதைத் தவிர அதில் வேறு ஒன்றும் வருவதில்லை. அன்றைக்கும் துக்கச் செய்தி போய்க்கொண்டிருந்த நேரம், அதனால் வீடியோவைத் திறந்துகூடப் பார்க்காமல் தெருவே கூப்பிய கையும் வெள்ளைப் பூவும் போட்டது. ஆழ்ந்த அனுதாபங்கள் கஸ்பார் அண்ணன் என்றார் ஒருவர். நித்திய இளைப்பாற்றியை அருளும் என்றார் இன்னொருவர். துக்க வீட்டில் பெண்டுகளோடு உட்கார்ந்திருந்த எமரென்சியாவின் காதில், உங்க வீட்டு அவியளுக்கு என்னாச்சு மைனி என்று யாரோ கேட்க, அவள் போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடிவந்தாள், வந்து பார்த்தால் மனிதர் எண்ணெய் வழியும் அலைமுடியோடு கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

அதற்குள் அன்பியத் தலைவி டெய்சி டீச்சர் வீடியோவைத் திறந்துவிட்டாள். ஒரு தடவை பார்த்தாள், கால் சும்மா இருக்கவில்லை, இன்னொரு தடவை பார்த்தாள். பார்த்தால், கஸ்பாருக்குப் பின்னால், டிவிப் பெட்டிக்குப் பக்கத்தில், டெய்சி டீச்சர் ஆடிக்கொண்டிருந்தாள். சேசு மரி சூசை என்று சிலுவை போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள், சந்தேகமே இல்லை, அவளேதான், வீட்டில் போட்டிருந்த அதே பூப்போட்ட நைட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கைதேர்ந்த ஆட்டக்காரி மாதிரி குதிகாலை முறுக்கி முறுக்கி ஆடினாள். விஷயம் தெருவில் பரவியபோது, இது எப்படி நடக்கும் என்று ஒரு ஆள் கேட்கவில்லை. எல்லாப் பெண்களும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நைட்டியோடயா டீச்சர் போனிய?"

"எனக்கென்னம்மா தெரியும், கூட்டிட்டுப் போவாவன்னு," என்றாள் டெய்சி டீச்சர், அழாத குறையாக.

அதிலிருந்து நங்கூரத் தெருவில் குளிக்காமல், தலை வாராமல், நல்லதாக ஒன்று உடுத்தாமல் அந்த வீடியோவை யாரும் திறப்பதில்லை. ஏனென்றால் முழுசாகப் பார்த்து முடித்த யாரானாலும் அடுத்த தடவை அதற்குள் இருந்தார்கள், பார்க்கும்போது என்ன உடுத்தியிருந்தார்களோ அதே உடுப்பில் ஆடிக்கொண்டு. கல்யாணப் பட்டை எடுத்துக் கட்டிக்கொண்டு பார்த்தவர்கள் உண்டு, புருஷனுக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்து ஜோடியாகப் பார்த்தவர்கள் உண்டு, முகச்சவரம் பண்ணாமல் அவசரப்பட்டுப் பார்த்துவிட்டு இனி காலத்துக்கும் இப்படித்தானா என்று தலையில் அடித்துக்கொண்டவர்களும் உண்டு. யாரோ தின்னக் கொடுத்த வாழைப்பழத் தோலைத் தின்றபடி போனை எட்டிப் பார்த்த ஆடு ஒன்றும் உள்ளே போய், சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் துள்ளிக்கொண்டிருந்தது. கஸ்பார் வீட்டு முன்னறை என்னவோ நாலு நாற்காலி போட்டால் நிறைந்துவிடும், ஆனால் வீடியோவில் எத்தனை பேர் வந்தாலும் கொண்டது, கல்யாண வீட்டில் இடமில்லை என்று யாராவது திரும்பிப் போனதுண்டா, அந்த மாதிரிதான்.

பிலோமினாவும் ஜெனோவாவும் கூடப்பிறந்தவர்கள், அடுத்தடுத்த வீடு, நடுச்சுவரில் சாய்ந்த முருங்கை மரம் யாருக்கு என்று தொடங்கி முகம் பார்க்காமல் இருந்தவர்கள். தனித்தனியே பார்த்தார்கள், வீடியோவுக்குள் பார்த்தால் கையைக் கோத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடுகிறார்கள். அது நான் இல்லை என்று பிலோமினா கொஞ்ச நாள் சாதித்துப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் சுவருக்கு மேலே எட்டி, ஏளா, உள்ள கூடி ஆடிட்டு வெளிய மூஞ்சியத் திருப்புனா ஊரு சிரிக்காதா என்றாள், அன்றைக்குச் சாயந்திரமே சுவரைத் தாண்டி ஒரு கட்டு முருங்கைக்காய் வந்தது. பங்குச் சாமியார், இது அற்புதமா வேறெதுவுமா என்று சோதிக்கிறேன் என்று அங்கியோடு உட்கார்ந்து பார்த்தார், அங்கியைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு அவர் குதித்த குதி தெருவிலேயே யாரும் குதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் அதைப்பற்றி ஒரே வார்த்தைதான் சொன்னார், பாக்கப் போறவங்க கால் கழுவிட்டுப் பாருங்க, கஸ்பார் வீட்டுல மொசைக் தரை.

தொம்மை அண்ணன் கதையைச் சொல்லாமல் விட்டால் பாவம் பிடிக்கும். பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடந்தவர் அவர், வலது பக்கம் அசைவில்லை, பேச்சும் இல்லை. அவர் மனைவி அவரைக் குளிப்பாட்டி, சரிகை வேட்டி கட்டி, பவுடர் போட்டு, தலையணையில் சாய்த்துவைத்துப் போனைக் கண்ணுக்கு நேரே பிடித்தாள். அடுத்த தடவை போட்டபோது தொம்மை அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு காலையும் மாற்றி மாற்றி வீசி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆடினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழுது முடித்த கையோடு, நம்ம கல்யாணத்துல ஆடச் சொன்னதுக்குக் கால் வலிக்குன்னு சொன்ன ஆளுதான நீரு என்று அவர் தோளில் ஒரு அடி போட்டாள். தொம்மை அண்ணன் அசைகிற பாதி வாயால் சிரித்தார். அதன்பிறகு காலையில் காப்பிக்கு முன்னால் அவருக்கு அந்த வீடியோ வேண்டும்.

ஆக, தெருவே உள்ளே போயாகிவிட்டது. ஆனாலும் கஸ்பாருக்குப் பக்கத்தில் விட்ட அந்த ஒரு ஆள் இடம் மட்டும் நிறையவேயில்லை. அவ்வளவு நெரிசலில் ஆடுகிறவர்களும் அந்த இடத்துக்கு வந்ததும் கிணற்றடியில் ஒதுங்குகிற மாதிரி ஒதுங்கி வளைந்து போனார்கள், துள்ளுகிற ஆடுகூட அங்கே மிதிக்கவில்லை. இதைப் பேசவென்றே டெய்சி டீச்சர் கஸ்பார் வீட்டு வாசலில் அன்பியக் கூட்டம் கூட்டினாள். காபியும் மக்ரூனும் தீர்ந்தபோது முடிவும் வந்தது. நங்கூரத் தெருவில் விடுகிற இடம் கடலில் இருக்கிற ஆளுக்குத்தான், அப்படியானால் அது டெரன்சுக்குத்தான். டெரன்சின் கப்பல் சிக்னல் கிடைக்கிற துறைமுகத்தை அடையும்வரை தெரு மூச்சைப் பிடித்துக் காத்திருந்தது. பையன் பார்த்தான், எண்ணெய்க் கறை படிந்த வேலை உடுப்போடு ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் வந்து குதித்து ஆடினான், தெரு கைதட்டியது. காலியிடம் காலியாகவே இருந்தது.

"அப்பம் நீரு யாருக்குத்தான் வே எடம் விட்டீரு?" என்று மறுபடியும் அவர் வீட்டு வாசலில் கூடின கூட்டமே கஸ்பாரைப் பார்த்தது.

கஸ்பார் தலையைச் சொறிந்தார். அவர் கண் தன்னை அறியாமல் அடுப்படிப் பக்கம் போனது, அவரோடு சேர்ந்து எல்லார் கண்ணும் போனது. தெருவில் அந்த வீடியோவைப் பார்க்காத ஒரே ஆள் அங்கேதான் பாத்திரத்தைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள்.

எமரென்சியா பார்க்கவில்லை, பார்க்க மாட்டேன் என்றாள். தெருவில் நடந்தால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் டுங்கு சக்க டுங்கு சக்க என்று கேட்கும், சேலைத் தலைப்பைக் காதோடு சேர்த்து இழுத்துப் போர்த்திக்கொண்டு நடப்பாள். பெண்கள் வந்து கெஞ்சினார்கள், பட்டுச்சேலை எடுத்து வைத்தார்கள், பிலோமினா பூக்கூடக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"ஒரே ஒரு வாட்டி பாருங்க மைனி. அண்ணன் ஒங்களுக்குத்தான் எடம் விட்டுருக்காவ, தெரியலையா?"

"ஊரு பூரா கேட்டு முடிச்ச மிச்சம் எனக்கு எதுக்கு?" என்றாள் எமரென்சியா. "ஆடு கேட்டாச்சு. சாமியாரு கேட்டாச்சு. அம்புட்டுப் பேருக்கும் பொறகா நான் போயி நிக்கணுமாக்கும்?"

கஸ்பார் ஒரு தடவை துணிந்து போனை அவள் முன்னால் கொண்டுபோய் வைத்தார், அவள் அதைக் குப்புறப் போட்டு மேலே அரிசி புடைக்கிற சுளகைக் கவிழ்த்தாள். சுளகுக்கு அடியில் தெருவே ஆடிக்கொண்டிருந்தது. கஸ்பாருக்கு நெஞ்சு விட்டுப்போனது. அன்றைக்குச் சொன்னாளே, சத்தம் போடாதிய என்று, அதுதான் உண்மை, இவளுக்கு இந்தச் சத்தமே ஆகாது, ஆகாததைத் தெருவெல்லாம் முழங்க வைத்து இவளை இப்படி வதைக்கிறோமே என்று நினைத்து நினைத்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. கிதார் வீட்டில் இருந்தால்தானே இந்த வாதை என்று ஒரு காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். எமரென்சியா அடுப்பில் மீன் குழம்பைக் கூட்டிவைத்துவிட்டு, கரண்டியும் கையுமாக நடைவாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க தூக்கிட்டுப் போறிய?"

"கோயில் பாட்டுக் குழுவுக்குக் குடுத்துரலாம்னு."

"என்னத்துக்கு?"

"ஒனக்குத்தான் இந்தச் சத்தம் ஆகாதுல்லா."

"யாரு சொன்னா?"

"நீதான் சொன்ன."

"நானா? எப்பம்?"

"டெரன்ஸ் தொட்டில்ல கெடக்கும்போது. மொத லீவுக்கு வந்தேன்லா, அப்பம். சத்தம் போடாதிய, புள்ள தூங்குதுன்னு."

எமரென்சியா அவரையே பார்த்தாள். கரண்டியிலிருந்து குழம்பு சொட்டித் தரையில் விழுந்தது, அதைக்கூடக் கவனிக்கவில்லை. கண் நிறைந்துகொண்டு வந்தது, சிரிப்பும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் கரண்டிக் கையாலேயே நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அட பாவி மனுஷா! ஆமா, புள்ள தூங்குதுன்னு சொன்னேன். அந்தப் புள்ள அன்னைக்குச் சாயந்திரமே முழிச்சிட்டான். முழிச்சு, நடந்து, பள்ளிக்கொடம் போயி, மீச மொளச்சு, கப்பலுக்கே போயாச்சு! இன்னும் யாரு தூங்குதான்னு நீங்க கதவச் சாத்திக்கிட்டு வாசிக்கிய?"

கஸ்பார் பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"லீவுக்கு வாறப்பல்லாம் இன்னைக்கு வாசிப்பாவளா நாளைக்கு வாசிப்பாவளான்னு அந்தச் சாத்துன கதவுக்கு வெளிய பூண்டு உரிக்கிற சாக்குல உக்காந்து கெடந்தேன். நம்ம வீட்டுல இவ்ளோ பூண்டு எதுக்குன்னு ஒரு நாளாவது கேட்டியளா? எனக்குப் பூண்டு வாடையே ஆகாது. என்ன நெனச்சேன் தெரியுமா? நல்லதெல்லாம் கப்பல்காரனுவளுக்கு, வீட்டுக்கு இந்த முக்கலும் மொனகலும்தான்னு நெனச்சேன். இப்பம் தெருவுக்கே போட்டுக் காட்டியாச்சு, அதுலயும் எனக்குப் போன்ல. நான் என்ன துபாய்லயா இருக்கேன்?"

"ஒனக்குத்தான் அனுப்புனேன் ஏளா. வெரல் மாறிப் போச்சு. அந்த மெட்டே ஒனக்குக் கெட்டுனதுதான."

"எது?"

"அதுக்குப் பேரே எமரென்சியாதான். கப்பல்ல எல்லாரும் அப்படித்தான் கேப்பாவ, குக்கு, எமரென்சியா வாசின்னு."

"ஓகோ," என்றாள் அவள். "அப்பம் ஒலகம் பூரா எம் பேரு தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் பாட்டு தெரியாது." அவர் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கி முன்னறையில் வைத்து, பூட்டை நெம்பித் திறந்தாள். "எடுங்க. வாசிங்க. அந்தத் துண்டத் திணிச்சியளோ, பாத்துக்கிடுங்க."

கஸ்பார் அதே ஸ்டூலுக்கு எதிரே உட்கார்ந்தார், அலைமுடி இல்லை, கட்டம் போட்ட சட்டை இல்லை, வெறும் பனியனும் இடுப்பில் கட்டின சாரமும்தான், வெட்கத்தில் காது மடல் எரிந்தது. வழக்கம்போல ஓரமாக ஒதுங்கித்தான் உட்கார்ந்தார். எமரென்சியா அந்த இடத்தைப் பார்த்தாள், இத்தனை வருஷம் இவருக்காக அவள் எல்லாப் படத்திலும் எல்லாரையும் தள்ளி நிறுத்தி விட்டுக்கொடுத்த அதே அகலத்துக்கு, ஒரு விரல்கூடக் கூடாமல் குறையாமல், அவளுக்கு ஒரு இடம் அங்கே இருந்தது.

"எனக்கு விட்ட எடத்துல வந்து நிக்க எனக்குத் தெரியாதா? அதுக்கு ஒரு போனு வேணுமாக்கும்," என்று சொல்லிக்கொண்டே போய் நின்றாள், கரண்டியோடு.

கட்டைவிரல் ரயிலை எடுத்தது. முதலில் கொஞ்சம் தடுமாறியது, பிறகு தண்டவாளம் பிடித்துக்கொண்டது, டுங்கு சக்க டுங்கு சக்க என்று அது ஓட, மற்ற விரல்கள் சன்னலைத் திறந்து, காணாமல் போன அத்தனை லீவையும், பார்க்காத ஞானஸ்நானத்தையும் பந்தலையும் பந்தியையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேலி பண்ணிச் சிரிக்க வைத்துக்கொண்டு போயின. எமரென்சியாவின் கால் பெருவிரல் முதலில் அசைந்தது, அப்புறம் குதிகால், அப்புறம் சேலையை இடுப்பில் செருகினாள், கரண்டி தலைக்கு மேலே போனது. அந்த நேரம் காப்பிக்கு முன்னால் போனில் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்த தொம்மை அண்ணன் வீட்டிலிருந்துதான் முதல் கூச்சல் கிளம்பியது, அவர் மனைவியின் கூச்சல்.

"வந்துட்டாவ! எமரென்சியாக்கா வந்துட்டாவ! கரண்டியோட வந்துட்டாவ!"

வீட்டுக்கு வீடு அந்தக் கூச்சல் தாவியது, பிலோமினா சுவருக்கு அந்தப் பக்கமும் ஜெனோவா இந்தப் பக்கமும் போனைத் தூக்கிக் காட்டிக் கத்தினார்கள். டெய்சி டீச்சர் முதல் தடவையாக நைட்டியைப் பற்றிய கவலை இல்லாமல் தெருவில் இறங்கி ஓடிவந்தாள், கோயில் மணி எதற்கென்றே தெரியாமல் அடித்தது, வாசலில் தெருவே கூடி நின்று சன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. எங்கோ கடலில் இருந்து டெரன்ஸ் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கஸ்பாரின் போன் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் அதிர்ந்துகொண்டே கிடந்தது, எடுக்க யாருக்கும் கை ஒழியவில்லை.

அப்போது அடுப்படியிலிருந்து மெல்ல ஒரு வாடை வந்தது. குழம்பு அடிப்பிடிக்கிற வாடை. புயலில் கப்பல் சாய்ந்த நாளில்கூட ஒரு சட்டியைத் தீய விடாத சமையல்காரர் கை அது, வாடை மூக்கில் பட்டதும் தந்தியை விட்டுத் தானாக எழப் பார்த்தது.

"அது தீயட்டும்," என்றாள் எமரென்சியா, ஆட்டத்தை நிறுத்தாமல். "நீங்க வாசிங்க."